எஃப்1, எஃப்1பி, எஃப்2: பூடில் கலப்பு நாய்களின் தலைமுறைக் கணக்கும் முடியின் குணமும்

டர்பனில் நாய்க்குட்டி விளம்பரம் எதைப் பார்த்தாலும் இப்போது ஒரு குறியீடு கண்ணில் படுகிறது. எஃப்1 லாப்ரடூடில், எஃப்1பி கோல்டன்டூடில், எஃப்2 காக்கபூ, மல்டிஜென் கவபூ. எல்லாமே பூடிலோடு வேறோர் இனத்தைச் சேர்த்த கலப்பு, முறையே லாப்ரடோர், கோல்டன் ரெட்ரீவர், காக்கர் ஸ்பானியல், கவலியர் ஸ்பானியல். பொதுவாக டூடில் என்பார்கள். பக்கத்திலேயே "முடி கொட்டாது, அலர்ஜி வராது" என்ற உறுதிமொழியும் இருக்கும். விலை பல ஆயிரம் ராண்ட்.

சாட்ஸ்வர்த்தில் நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்துவது என் தொழில். குட்டியை வாங்கி ஒரு வருடம் ஆன பிறகு என்னிடம் கொண்டு வருபவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எஃப்1பி என்று சொல்லித்தானே கொடுத்தார்கள், அப்புறம் ஏன் இப்படி?" ஒருவர் வீட்டில் சோபா முழுக்க முடி. இன்னொருவர் வீட்டில் ஒரு முடிகூடக் கீழே விழுவதில்லை, ஆனால் நாயின் காதுக்குப் பின்னால் கெட்டியாகச் சடை பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் வாங்கியது ஒரே குறியீடு போட்ட குட்டி.

இதில் வியப்பு எதுவும் இல்லை. அந்த எண் குட்டியின் பெற்றோர் யார், தாத்தா பாட்டி யார் என்று மட்டும்தான் சொல்கிறது. முடி எப்படி வரும் என்பதைச் சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் விளம்பரத்தைப் படிக்கும் முறையே மாறிவிடும்.

எண்கள் என்ன சொல்கின்றன

எஃப்1 என்ற குறி நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் பலர், அது முடிந்த பிறகு டர்பனைச் சுற்றி நிலம் பிடித்து, காய்கறி போட்டு விற்றுத்தான் பிழைத்தார்கள். இன்றைக்கும் தக்காளி, மிளகாய் விதைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் எஃப்1 என்று அச்சிட்டிருக்கும். இரண்டு தூய ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை அது. அந்தச் செடிகள் எல்லாம் ஒரே சீராக வளரும், ஒரே மாதிரி காய்க்கும். அந்தப் பழத்திலிருந்தே விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் கதை வேறு. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் உருண்டைக் காய், ஒன்றில் நீளக் காய் என்று கலைந்துவிடும். நாய்க்கும் அதே குறி, அதே கணக்கு. இதன் அடிப்படையைப் பட்டாணிச் செடிகளில் கண்டுபிடித்து 1866இல் வெளியிட்டவர் கிரிகோர் மெண்டல்.

தூய லாப்ரடோரும் தூய பூடிலும் சேர்ந்து பிறப்பது எஃப்1. பூடில் பங்கு சரிபாதி.

அந்த எஃப்1 நாயை மறுபடியும் ஒரு தூய பூடிலோடு சேர்த்தால் எஃப்1பி. கலப்பு நாயைப் பெற்றோர் இனத்திடமே திரும்பக் கொண்டு போனதைத்தான் அந்தப் 'பி' குறிக்கிறது. பூடில் பங்கு 75 சதவீதம். எஃப்1பியை இன்னொரு முறை பூடிலோடு சேர்த்தால் எஃப்1பிபி, 87.5 சதவீதம்.

இரண்டு எஃப்1 நாய்கள் சேர்ந்தால் எஃப்2. இங்கே பூடில் பங்கு மறுபடியும் 50 சதவீதம்தான். எண் கூடியதால் பூடில் கூடிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை.

எஃப்2பி என்ற பெயரில்தான் குழப்பம் அதிகம். எஃப்1க்கும் எஃப்1பிக்கும் பிறந்ததைச் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். அதில் பூடில் பங்கு 62.5 சதவீதம். எஃப்2வைப் பூடிலோடு சேர்த்ததை அப்படிச் சொல்பவர்களும் உண்டு. அது 75 சதவீதம். அதனால் இந்தப் பெயரைக் கேட்டால், தாய் என்ன, தந்தை என்ன என்று உடனே கேட்டுவிடுங்கள். அதற்கும் மேலே போன தலைமுறைகளை எஃப்3 என்றோ மல்டிஜென் என்றோ சொல்கிறார்கள்.

இந்தச் சதவீதங்களைப் பற்றி ஒரு விஷயம். எஃப்1 குட்டிக்கு 50 என்பது அப்படியே உண்மை, ஏனென்றால் பாதி மரபணு பூடிலிடமிருந்து வந்தே ஆக வேண்டும். எஃப்1பியிலிருந்து அது சராசரிதான். எஃப்1 தாய் தன்னிடம் இருக்கும் பூடில் மரபணுக்களையும் லாப்ரடோர் மரபணுக்களையும் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு விதமாகக் கொடுக்கிறாள். ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு 70, அதன் தங்கைக்கு 80 என்று அமையலாம். அந்த 70க்குள் முடியைத் தீர்மானிக்கும் மரபணு இருக்கிறதா இல்லையா என்பதைச் சதவீதம் சொல்லாது.

இந்த எண்களை யார் சரிபார்க்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. நம் நாட்டில் தூய இன நாய்களைப் பதிவு செய்வது குசா என்று நாம் அழைக்கும் கென்னல் யூனியன் ஆஃப் சதர்ன் ஆப்பிரிக்கா. லாப்ரடூடிலையோ கோல்டன்டூடிலையோ அது ஓர் இனமாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே விற்பவர் எழுதியதுதான் எண். நேர்மையாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோர் நாய்களின் பதிவுத் தாளைக் கேட்டதும் எடுத்துக் காட்டுவார்கள்.

நம் தெருக்களிலேயே இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் வெள்ளை நிறச் சின்ன நாயைப் பார்த்தால் மால்டீஸ் பூடில் என்றுதான் சொல்வோம். டூடில் என்ற பேச்சே வராத காலத்திலிருந்து அவை நம் ஆயா, தாத்தா வீடுகளில் வளர்ந்தவை. அவற்றில் எது எத்தனையாவது தலைமுறை, அதில் உண்மையில் பூடில் எவ்வளவு என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ஆனால் முடியைத் தொட்டால் தெரிந்துவிடும். சிலதில் பட்டுப்போல நேராகத் தொங்கும் மால்டீஸ் முடி, சிலதில் பஞ்சு மாதிரிச் சுருண்ட பூடில் முடி. மால்டீஸும் பூடிலும் இரண்டுமே நீள முடி நாய்கள், இரண்டுமே அதிகம் முடி கொட்டாதவை. அதனால் அந்தக் கலப்பில் எத்தனை தலைமுறை போனாலும் பெரிய ஏமாற்றம் வருவதில்லை. லாப்ரடோர் கலப்பில் அப்படிச் சொல்ல முடியாது.

தாடி, நீளம், சுருள்

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். நாய் இனங்களில் நாம் பார்க்கும் இத்தனை வகை முடிக்கும் பெரும்பாலும் மூன்றே மூன்று மரபணுக்களின் சேர்க்கைதான் காரணம். சோதனை அறிக்கையில் அவை ஆர்எஸ்பிஓ2, எஃப்ஜிஎஃப்5, கேஆர்டி71 என்று இருக்கும். நமக்குப் பெயர் முக்கியமில்லை. முதலாவதைத் தாடி மரபணு என்றும், இரண்டாவதை நீள மரபணு என்றும், மூன்றாவதைச் சுருள் மரபணு என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி தாயிடமிருந்து வருகிறது, ஒன்று தந்தையிடமிருந்து.

தாடி மரபணுவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் டூடில் முகம் என்று நாம் சொல்லும் அந்த முகமே இதனால் வருவதுதான். மீசை, தாடி, கண்ணுக்கு மேலே குடைபோல விழும் புருவம், மூக்குத் தண்டின் மேல் முளைக்கும் முடி. ஆர்எஸ்பிஓ2 மரபணுவின் ஓரத்தில் 167 டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தால் இது வரும். இது ஓங்கு பண்பு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே போதும், தாடி முளைத்துவிடும். பூடிலுக்கு இரண்டு பிரதிகளும் உண்டு. பூடிலுக்கு ஏது தாடி என்று கேட்பீர்கள். முகத்தை வழித்துவிடுவது பூடிலுக்கு வழக்கமான வெட்டு, அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை. வழிக்காமல் சில மாதம் விட்டால் நல்ல தாடி வளரும். லாப்ரடோருக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் இந்தப் பிரதி கிடையாது.

நீள மரபணு நேர் எதிர். நீள முடி ஒடுங்கு பண்பு, இரண்டு பிரதியும் நீளமாக இருந்தால்தான் முடி நீளும். பூடிலுக்கும் கோல்டனுக்கும் இரண்டும் நீளம். லாப்ரடோருக்குப் பெரும்பாலும் இரண்டும் குட்டை.

சுருள் மரபணுவில் நடுநிலை உண்டு. இரண்டு சுருள் பிரதி இருந்தால் இறுக்கமான சுருள், ஒன்று இருந்தால் அலை, எதுவும் இல்லையென்றால் நேர் முடி. பூடில் பெரும்பாலும் இரண்டும் சுருள். லாப்ரடோரும் கோல்டனும் பெரும்பாலும் இரண்டும் நேர்.

சரி, இப்போது எண்களுக்குத் திரும்பலாம்.

எஃப்1 லாப்ரடூடிலை எடுத்துக்கொள்ளுங்கள். தாடிக்கு ஒரு பிரதி, அதனால் ஈற்றில் எல்லாக் குட்டிக்கும் தாடி. சுருளுக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் அலை. நீளத்துக்கு ஒன்றுதான், அது போதாது. ஆகவே பஞ்சு பொம்மையை எதிர்பார்த்து வாங்கியவருக்கு நடுத்தர நீளத்தில், சற்று முரடாக, கலைந்த முடியோடு ஒரு நாய் வளரும். எனக்கு இந்த முடி பிடிக்கும். சீப்பு தடையில்லாமல் இறங்கும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஆனால் கொட்டும்.

எஃப்1 கோல்டன்டூடில் அப்படி இல்லை. இரண்டு பெற்றோரும் நீள முடி என்பதால் குட்டிகள் எல்லாம் நீள முடி. எல்லாவற்றுக்கும் தாடி, எல்லாவற்றுக்கும் அலை. ஒரே எஃப்1 என்ற குறியீடு, லாப்ரடோர் வழியில் வந்தால் ஒரு முடி, கோல்டன் வழியில் வந்தால் வேறு முடி. எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இது முதல் காரணம்.

எஃப்1பியில் ஒரு பெற்றோர் முழுப் பூடில். அது எல்லாக் குட்டிக்கும் ஒரு தாடிப் பிரதியைக் கட்டாயம் கொடுக்கும், ஆகவே தாடி உறுதி. சுருளில் பாதிக் குட்டிக்கு இறுக்கச் சுருள், பாதிக்கு அலை. லாப்ரடோர் வழியாக இருந்தால் நீளத்திலும் பாதிப் பாதி. கோல்டன் வழியாக இருந்தால் எல்லாமே நீளம். எஃப்1பிகளில் முடியை முன்கூட்டிச் சொல்லக்கூடியது எது என்றால் கோல்டன்டூடிலைச் சொல்வேன்.

எஃப்2வில்தான் தக்காளி விதைக் கதை. இரண்டு பெற்றோரிடமும் தாடிக்கு ஒரு பிரதிதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் அதைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். நாலில் ஒரு குட்டிக்கு இரண்டு தாடிப் பிரதி, நாலில் இரண்டுக்கு ஒன்று, நாலில் ஒன்றுக்கு எதுவும் இல்லை. அந்தக் கடைசிக் குட்டிக்கு முகம் மழமழவென்று ரெட்ரீவர் போல இருக்கும், உடம்பில் முடி படிந்து கிடக்கும், கொட்டவும் செய்யும். அப்பா தாடி வைத்த டூடில், அம்மா தாடி வைத்த டூடில், பிள்ளைக்கு மட்டும் தாடி இல்லை. வாங்கியவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். ஏமாற்று எதுவும் நடந்திருக்காது. ஒடுங்கிக் கிடந்த பண்பு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நாலில் ஒன்று என்றால் எட்டுக் குட்டி ஈன்றால் சரியாக இரண்டு என்று பொருளல்ல. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுவது போல எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் ஈற்றில் ஒன்றும் வராமல் போகலாம், இன்னொன்றில் நாலு வரலாம்.

தாடி மரபணுவும் சுருள் மரபணுவும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாமல் போய்ச் சேர்கின்றன. இரண்டிலும் இரண்டிரண்டு பிரதி உள்ள, பூடில் போலவே இருக்கும் குட்டி வேண்டும் என்றால் எஃப்1பியில் 4இல் 1 வாய்ப்பு. எஃப்2வில் 16இல் 1தான்.

மல்டிஜென்னுக்கு என்ன சொல்வது? எண்ணை வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பெற்றோர் இரண்டு பேருக்கும் தாடிப் பிரதி இரண்டிரண்டு என்று சோதனையில் தெரிந்திருந்தால், அது எந்தத் தலைமுறையாக இருந்தாலும், பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் இரண்டு பிரதி இருக்கும். சோதனை செய்யாமல் தாடி வைத்த நாய்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே போனால், ஐந்தாம் தலைமுறையிலும் மொட்டை முகக் குட்டி பிறக்கலாம். கன்னத்தின் உள்ளே தடவிய பஞ்சுக் குச்சியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், இந்த மூன்று மரபணுக்களுக்கும் விடை வந்துவிடும். ஒழுங்காகக் குட்டி போட வைப்பவர்கள் பெற்றோர் நாய்களுக்கு இதைச் செய்துவிட்டுத்தான் சேர்க்கிறார்கள். அந்த அறிக்கை கையில் இருந்தால் எஃப் எண்ணை நீங்கள் கேட்கவே தேவையில்லை.

அறிக்கை இல்லையென்றால் குட்டியின் முகத்தைப் பாருங்கள். எட்டு வார அளவில் தாடி மரபணு வெளியே தெரிந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்குத் தண்டின் மேல் விரலை வையுங்கள். முடி மேல்நோக்கிச் சிலிர்த்துக்கொண்டு, பார்வையை மறைப்பது போல் நிற்கிறதா? தாடி உண்டு. விரலின் கீழே குட்டை முடி வழுவழுவென்று படிந்திருக்கிறதா? அது மொட்டை முகம், பின்னால் வளராது. எத்தனை பிரதி என்பதை மட்டும் கண்ணால் சொல்ல முடியாது.

கொட்டுவதும் கொட்டாததும்

முடி கொட்டுவதில் தாடி மரபணுவுக்கும் பங்கு உண்டு. தாடி உள்ள நாய்கள் பொதுவாகக் குறைவாகக் கொட்டும். இன்னொரு மரபணு எம்சி5ஆர். அதற்கும் முடி கொட்டுவதற்கும் உள்ள தொடர்பு 2016இல் வெளிவந்தது. லாப்ரடோர் போல நிறையக் கொட்டும் இனங்களில் ஒரு வடிவமும், பூடில் போலக் கொட்டாத இனங்களில் இன்னொரு வடிவமும் இருக்கின்றன. இரண்டு மரபணுவும் எப்படிச் சேர்கின்றன என்பதைப் பொறுத்து எஃப்1 கொஞ்சம் கொட்டும், எஃப்1பி பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவோ சற்றும் கொட்டாமலோ இருக்கும், எஃப்2வில் எல்லா வகையும் வரும். எஃப்1 பற்றி "முடியே கொட்டாது" என்று யாராவது எழுதியிருந்தால் நான் நம்பமாட்டேன்.

கொட்டாத முடி எங்கே போகிறது என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும். எல்லா நாய்க்கும் பழைய முடி உதிரும், புதிய முடி முளைக்கும். லாப்ரடோரின் முடி தரையில் விழுகிறது, நாம் கூட்டித் தள்ளுகிறோம். சுருள் முடி நாயில் உதிர்ந்த முடி சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதைச் சீப்பால் வெளியே எடுக்காவிட்டால் பக்கத்து முடியையும் பிடித்துக்கொண்டு சடையாகிறது. துடைப்பத்துக்கு மிச்சமான வேலை சீப்புக்கு வருகிறது.

வளர்ப்பவர்கள் முடியை மூன்று வகையாகச் சொல்வார்கள். ஹேர் என்பது நேராகவோ லேசான அலையாகவோ இருக்கும், கொட்டும், சிக்கு குறைவு. ஃப்ளீஸ் என்பது தளர்ந்த அலையாக மென்மையாக விழுவது. வூல் என்பது செம்மறி ஆட்டு ரோமம் போல இறுக்கமானது. படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுவது ஃப்ளீஸ். என் அனுபவத்தில் அதிகம் சடை பிடிப்பதும் அதுதான். கொஞ்சம் கொட்டும், கொட்டியதை அலைக்குள் பிடித்தும் வைத்துக்கொள்ளும்.

இதில் யாரும் எச்சரிக்காத காலம் ஒன்று உண்டு. சுமார் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். அதுவரை வாரம் ஒரு தடவை பிரஷ் போட்டாலே அழகாக இருந்த குட்டி, சில வாரங்களில் சடையாகிவிடும். அது நம் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஈரப்பதத்தில் வந்து சேர்ந்தால் இன்னும் மோசம். கடற்கரைக்குக் கூட்டிப்போய், உப்புத் தண்ணீரோடும் மணலோடும் வீட்டுக்கு வந்து, அப்படியே காயவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சடை எங்கே பிடிக்கும் என்று எனக்கு இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். காதின் பின்புற மடிப்பு, முன்னங்காலின் அக்குள், கழுத்துப்பட்டைக்கும் ஹார்னஸுக்கும் கீழே, தொடையின் உட்புறம், வாலின் அடி. மேலே இருந்து பார்த்தால் முடி பளபளவென்று இருக்கும். பிரஷ் மேல் அடுக்கை மட்டும் தடவிவிட்டுப் போயிருக்கும். விரலை உள்ளே விட்டால் தோலோடு ஒட்டி ஒரு தகடு தட்டுப்படும். அந்தத் தகடு ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுக்கிறது. காற்று புகாமல் கீழே தோல் சிவந்து, ஈரமாகி, புண்ணாகிறது. அந்த நிலையில் சீவி எடுப்பது நாய்க்கு வதை. ஒட்ட மழிப்பதுதான் இரக்கம். அழகான முடியை ஏன் எடுத்தீர்கள் என்று வருத்தப்படுவார்கள். கீழே இருந்த தோலை நான் காட்டுவேன்.

சீவும் முறை இது. நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முடியைக் கீழே விட்டு, மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ் போடுங்கள், பிறகு உலோகச் சீப்பைத் தோலிலிருந்து நுனி வரை இழுங்கள். சீப்பு தடங்காமல் வந்தால் அடுத்த வகிடு. சுருள் முடிக்கு வாரம் மூன்று நாலு தடவையாவது இது வேண்டும், முடி மாறும் மாதங்களில் தினமும். குளிப்பாட்டுவதற்கு முன்னால் சீவ வேண்டும், பின்னால் அல்ல. சிக்கோடு நனைத்தால் அது இறுகிவிடும், அப்புறம் கத்தரிதான். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்டவும் செலவு வைத்துக்கொள்ளுங்கள், நாயின் ஆயுள் முழுக்க.

காதை மறக்க வேண்டாம். பூடில் வழி வந்த நாய்களுக்குக் காதுத் துளைக்குள்ளும் முடி முளைக்கும், காது மடலும் தொங்கும். டர்பன் புழுக்கத்தில் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தலையை ஒரு பக்கமாக ஆட்டிக்கொண்டே இருந்தாலோ, காதை முகர்ந்தால் நாற்றம் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் உண்ணி. நம் நாட்டில் இது விளையாட்டல்ல. பிலியரி என்று நாம் சொல்லும் நோய், உண்ணி வழியாக ரத்தத்தில் நுழையும் பபேசியா கிருமியால் வருகிறது. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் பபேசியா ரோஸ்ஸி என்ற வகை கடுமையானது, சிகிச்சை தாமதித்தால் சில நாட்களில் நாயைக் கொன்றுவிடும். குட்டை முடி நாயின் மேல் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியும். சுருளுக்குள் போனால் தெரியாது, விரலால் தேட வேண்டும். விரல் இடுக்குகள், காது உட்புறம், கழுத்துப்பட்டையின் கீழ். உண்ணி மருந்தை மாதம் தவறாமல், மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். சாப்பிடாமல் சுருண்டு படுத்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்துப் போனால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

அலர்ஜியும் ஆரோக்கியமும்

லாப்ரடூடில் பிரபலமான கதையே அலர்ஜியில்தான் தொடங்குகிறது. 1989இல் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் சங்கத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன் என்பவருக்கு ஹவாயிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும், ஆனால் அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. கான்ரன் லாப்ரடோரையும் பூடிலையும் சேர்த்தார், மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில் ஒரே ஒரு குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. சுல்தான் என்று பெயர் வைத்த அந்தக் குட்டி ஹவாய்க்குப் போனது. மற்ற இரண்டும் அதே தாய் தந்தைக்கு, அதே ஈற்றில் பிறந்த எஃப்1கள்தான். பின்னாளில் கான்ரனே இந்தக் கலப்பைத் தொடங்கியதற்காக வருந்திப் பேசினார், கண்டபடி குட்டி போட வைத்து விற்பவர்களைப் பார்த்து.

நாய் அலர்ஜிக்கு முக்கியக் காரணம் கான் எஃப் 1 என்ற புரதம். இந்தப் பெயருக்கும் தலைமுறை எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அது எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கிறது. முடி அதைச் சுமந்து போகிறது, அவ்வளவே. 2011இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, அலர்ஜி தராது என்று பெயர் பெற்ற நாய்கள் இருந்த வீடுகளிலும் மற்ற நாய்கள் இருந்த வீடுகளிலும் இந்தப் புரதத்தை அளந்து பார்த்தது. வித்தியாசம் இல்லை. 2012இல் நெதர்லாந்தில் வெளிவந்த ஆய்வில், பூடில், லாப்ரடூடில் போன்ற நாய்களின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. லாப்ரடூடில் வீட்டுத் தரைத் தூசியில் மட்டும் கொஞ்சம் குறைவு. வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் எந்த எஃப் எண்ணையும் நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் குட்டியோடும் அதன் தாயோடும் பிள்ளையைச் சில மணி நேரம், வெவ்வேறு நாட்களில் உட்கார வைத்துப் பாருங்கள்.

கலப்பு நாய் என்றால் நோய் வராது என்பதும் அடிக்கடி காதில் விழும். லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் 2024இல் வெளியிட்ட ஆய்வு லாப்ரடூடில், காக்கபூ, கவபூ ஆகியவற்றை அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டது. பெரும்பாலான நோய்களில் வித்தியாசம் இல்லை. காரணம் புரிந்துகொள்ள எளிது. கண் விழித்திரை மெல்ல அழிந்து குருடாக்கும் பிஆர்ஏ நோயின் ஒரு வகை ஒடுங்கு பண்பாக வருகிறது, அந்தப் பிரதி லாப்ரடோரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. இரண்டு பக்கமும் ஒரு பிரதி ஒளிந்திருந்தால், எஃப்1 குட்டியிலேயே நாலில் ஒன்றுக்கு நோய் வரும். ஒரே சோதனையில் இரண்டு பெற்றோரையும் பார்த்துவிடலாம். பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லுப் பரிசோதனை, இவற்றையும் கேளுங்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவப் பிரிவில் நாய்களுக்கு மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகம் இருக்கிறது, ஆகவே இந்த நாட்டில் அந்த வசதி இல்லை என்று விற்பவர் சொல்ல முடியாது.

யாருக்கு எது என்று என்னிடம் கேட்டால் எண்ணில் பதில் சொல்லமாட்டேன். வீட்டில் யார் சீவப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்பேன். காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வரும் குடும்பம், சீவ நேரமில்லை, தரையில் முடி விழுந்தால் கவலையில்லை என்றால், எஃப்1 லாப்ரடூடிலோ, எஃப்2வில் பிறந்த மொட்டை முகக் குட்டியோ உங்களுக்குப் பொருத்தம். மொட்டை முகக் குட்டியைச் சிலர் விலை குறைத்துக் கொடுப்பார்கள். சீவச் சிக்கில்லாத, நல்ல நாய் அது. ஓய்வு பெற்ற மாமா, மாமி வீட்டில் தினமும் மடியில் படுக்க வைத்துச் சீவ ஆள் உண்டு என்றால் இறுக்கச் சுருளையும் சமாளிக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் எஸ்பிசிஏ காப்பகங்களில் பூடில் கலப்பு நாய்கள் அவ்வப்போது வந்து சேர்கின்றன. பராமரிக்க முடியாமல் கைவிட்டவை பல, சடையோடு வந்து மழிக்கப்பட்டவை சில. இரண்டு மூன்று வயது நாயின் முடி மாறி முடிந்துவிட்டது, இனி அதில் ஊகிக்க ஒன்றுமில்லை. மழித்திருந்தாலும் இரண்டு மாதத்தில் வளரும் முடியைப் பார்த்தால் சுருளா, அலையா, கொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். போகும்போது ஓர் உலோகச் சீப்பைக் கையில் எடுத்துப் போங்கள். அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு, காதின் பின்னால் தோலிலிருந்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நாய் அதைப் பொறுத்துக்கொள்கிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும்.